வெட்ட வெட்ட வளருற சதுப்புப் புல்: எந்த அறிகுறிக்கு எங்க கை வைக்கணும்

சதுப்புலயோ ஏரிக்கரையிலயோ வெளியில இருந்து வந்த புல்லு பிடிச்சுக்கிட்டா எல்லாரும் முதல்ல எடுக்கிறது அரிவாளத்தான், நானும் அதத்தான் எடுத்தேன். ரெண்டு சீசன் விடாம வெட்டினதுக்கு அப்புறம் பாத்தா கூட்டம் முன்ன இருந்ததவிட அகலமா இருந்துச்சு. வெட்டினதுல தப்பு இல்ல, அது எந்த வழியில பெருகுதுன்னே தெரியாம வெட்டினதுதான் தப்பு. இந்தப் புல்லுங்களுக்கு நாலு வாசல் இருக்கு: விதை, மண்ணுக்குள்ள ஓடுற தண்டு அதாவது ரைசோம், மண்ணு மேல ஓடுற தண்டு அதாவது ஸ்டோலன், அப்புறம் ஒடிஞ்சு விழுற துண்டு. ஒவ்வொரு ஜாதியும் இதுல ஒண்ணு ரெண்டுல கெட்டி, மத்ததுல வீக். எந்த வாசல் திறந்திருக்குன்னு அறிகுறியப் பாத்தே ஓரளவு சொல்லிடலாம், அதனால உங்க இடத்துல என்ன தெரியுதோ அந்தப் பகுதிக்கு நேரா போயிடுங்க, ஆனா அடுத்து வர்றத மட்டும் தாண்டிடாதீங்க.

எதையும் வெட்டுறதுக்கு முன்னாடி

அது புல்லுதானான்னு பாருங்க. சம்பு புல்லு கிடையாது, கோரையும் புல்லு கிடையாது. தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டிப் பாத்தா கோரை பெரும்பாலும் முக்கோணமா தட்டும், புல்லு உருளும், புல்லுல கணு தெளிவா இருக்கும், கணுவுக்கு நடுவுல பெரும்பாலும் உள்ள பொள்ளலா இருக்கும். சம்புல அந்த பழுப்பு நிற உருளைக் கதிரப் பாத்தா யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்தது, அது வெளியாள்தானா. இதுல நிறைய பேர் ஏமாந்திருக்காங்க. ஃப்ராக்மைட்டிஸ் ஆஸ்ட்ராலிஸ்னு ஒரு நாணல், வட அமெரிக்காவுல அது ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கு, ஆனா கடந்த நூறு நூத்தம்பது வருஷத்துல திடீர்னு எல்லா இடத்தையும் பிடிக்க ஆரம்பிச்சிருச்சு, சொந்த ஊர் செடியே ஏன் இப்படி ஆச்சுன்னு அங்க யாருக்கும் புரியல. 2002ல கிறிஸ்டின் சால்டன்ஸ்டால்ங்கிற ஆராய்ச்சியாளர் பழைய ஹெர்பேரியம் மாதிரிகளோட, அதாவது காய வச்சு பத்திரப்படுத்தின செடிகளோட டிஎன்ஏவையும் புதுசா எடுத்ததோட டிஎன்ஏவையும் ஒப்பிட்டுப் பாத்து, ஆட்டம் போடுறது வெளியில இருந்து வந்த வேற வம்சம்னு காட்டினாங்க. பேரு ஒண்ணு, உருவம் கிட்டத்தட்ட ஒண்ணு, குணம் வேற. அங்க உள்ள சொந்த நாணலோட தண்டு அடியில செவந்து வழுவழுன்னு இருக்கும், இலை உறை காஞ்சதும் தானா கழண்டு விழுந்துடும். வந்தேறியோட தண்டு மங்கலா கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும், காஞ்ச உறை தண்டையே இறுக்கிப் பிடிச்சிட்டு நிக்கும். ஒரே அடையாளத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, ரெண்டு மூணு சேந்து வரணும்.

அறிகுறி: வெட்டின ரெண்டு வாரத்துல முன்னைவிட அடர்த்தியா வருது

இது ரைசோம் கேஸ். நேரமும் பணமும் அதிகமா வீணாகுறது இங்கதான், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன்.

ஒரு குத்து நாணல மண்வெட்டி போட்டு ஆழமா தோண்டிப் பாருங்க, பாதி வேல தோண்டினதுமே புரிஞ்சிடும். கருப்பு சேத்துக்குள்ள விரல் தடிமன்ல வெள்ளையா, லேசா மஞ்சளா ஒரு தண்டு படுத்துக்கிட்டு போகும், ஒவ்வொரு கணுவுலயும் முடி மாதிரி வேர், நுனியில மட்டும் ஈட்டி மாதிரி கூர்மையான ஒரு மொட்டு. அதை ஒடிச்சா உள்ள காத்துக் குழாய் மாதிரி பொள்ளல் தெரியும். நான் முதல் தடவ தோண்டினப்ப ஒரு கை ஆழம் போயும் அதுக்குக் கீழ இன்னொரு அடுக்கு இருந்துச்சு, ஃப்ராக்மைட்டிஸ்ல ஒரு மீட்டருக்குக் கீழயும் ரைசோம் போகும். நீங்க மேல வெட்டுறது அந்த வீட்டோட கூரைய மட்டும்தான், சாமான் எல்லாம் கீழ அறையில பத்திரமா இருக்கு.

வெட்டினதும் அடர்த்தியாகுறதுக்கு காரணம், நட்டுக்கிட்டு நிக்கிற தண்டோட நுனி இருக்கிற வரைக்கும் கீழ உள்ள நிறைய மொட்டுங்க தூங்கிக்கிட்டு இருக்கும். நுனி போச்சுன்னா தூக்கம் கலஞ்சிடும், ஒண்ணு இருந்த இடத்துல மூணு நாலு கிளம்பும். கிளம்புறதுக்குத் தேவையான சாப்பாடு ரைசோம்ல ஸ்டார்ச்சா சேத்து வச்சிருக்கு. எரிச்சாலும் இதே கதைதான், ஈரச் சேத்துக்குள்ள சூடு இறங்காது, மேல இருந்த காஞ்ச குப்பை போயிடுறதால வெளிச்சம் நல்லா விழுந்து புது முளை இன்னும் குஷியா வரும்.

அப்ப வெட்டவே கூடாதான்னா, நேரம் பாத்து வெட்டணும். வளர ஆரம்பிக்கிறப்ப ரைசோம்ல இருந்து சாப்பாடு மேல ஏறும், பூ விட்டு முடிக்கிற சமயத்துல இலையில செஞ்சது கீழ இறங்கும். ஏறி முடிஞ்சு இன்னும் இறங்க ஆரம்பிக்காத அந்த இடைவெளியில, பூக்கதிர் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி, கஜானா ஏறக்குறைய காலியா இருக்கும், அப்ப வெட்டினா வலிக்கும். ஒரு தடவ வெட்டினா போதாது, திரும்ப முளைச்சு இலை விரிச்சு சம்பாதிக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள மறுபடி வெட்டணும், இப்படி வருஷக்கணக்கா. சின்ன கூட்டத்துக்கு சரிப்படும், ஏக்கர் கணக்குல இருந்தா கையும் மனசும் விட்டுப் போயிடும்.

தண்ணி நிக்கிற இடமா இருந்தா வேற ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. சேத்துக்குள்ள ஆக்சிஜன் கிடையாது, ரைசோம் மூச்சு விடுறது தண்டு வழியாத்தான். பச்சைத் தண்டு காத்த உள்ள அழுத்தி அனுப்பும், போன வருஷத்து ஒடிஞ்ச காஞ்ச தண்டு வழியா அந்தக் காத்து வெளிய போகும், காத்து வீசுறப்ப அந்த ஒடிஞ்ச வாய் உள்ள இருக்கிறத உறிஞ்சி எடுக்கும். அதாவது செத்துப் போனதுன்னு நாம விட்டுட்டு வர்ற காஞ்ச தட்டைதான் அதுக்கு மூக்கு. அதனால பச்சை, காஞ்சது ரெண்டையும் சேத்து தண்ணி மட்டத்துக்குக் கீழ வெட்டணும், வெட்டின வாய் வெளிய தெரியவே கூடாது, வளரும் சீசன் முழுக்க தண்ணி இறங்காம இருக்கணும். நடுவுல பத்து நாள் தண்ணி இறங்கி வாய் வெளிய தெரிஞ்சுதுன்னா மூச்சு வாங்கிக்கும், நீங்க பட்ட பாடு வீண். இன்னொண்ணு, வெட்டாத ஓரத்துல இருந்து ரைசோம் வழியா காத்து வந்துக்கிட்டே இருக்கும், அதனால கூட்டத்துல ஒரு மூலைய மட்டும் வெட்டிட்டு பலன் இல்லன்னு சொல்லக்கூடாது.

அறிகுறி: கூட்டத்துக்கு வெளிய கோடு போட்ட மாதிரி வரிசையா முளை

ஒண்ண இழுத்துப் பாருங்க, அவ்வளவுதான் டெஸ்ட். இழுக்கும்போது பக்கத்துல உள்ள முளையும் சேந்து அசைஞ்சா ரெண்டும் ஒரே தண்டுல இருக்கு. அந்தத் தண்டு மண்ணு மேல, பச்சையாவோ செவப்பாவோ, கணுவுக்குக் கணு கால் ஊனிக்கிட்டு கெடந்தா ஸ்டோலன். மண்ணுக்குள்ள வெள்ளையா இருந்தா ரைசோம். எதுவும் அசையாம சின்னதா ஒத்த வேரோட முழுசா கையில வந்துட்டா அது விதையில இருந்து வந்த குட்டி, அதுக்கு வேற வைத்தியம், கீழ வருது.

ஸ்டோலன் பாக்க பயமா இருக்கும், ஏன்னா ஒரே சீசன்ல மீட்டர் கணக்குல ஓடும், வெறும் சேறா கெடக்குற இடத்துலயும் தண்ணி மேலயும் கூட மிதந்துகிட்டே போகும். ஆனா நாலு வாசல்ல சமாளிக்க ஈஸியானது இதுதான், கண்ணுக்குத் தெரியுது, கையால சுருட்டி எடுக்கலாம். எடுக்கிறப்ப கணு அந்துடாம எடுங்க, அந்த ஒரு விஷயம்தான்.

அறிகுறி: தண்ணி வத்தின சேத்துல பச்சைப் பாய் விரிச்ச மாதிரி

இது விதை. சதுப்புப் புல் விதைங்க பெரும்பாலும் தண்ணிக்கு அடியில முளைக்காது, இது பல பேருக்கு ஆச்சரியமா இருக்கும். ஃப்ராக்மைட்டிஸுக்கும் சரி, ரீட் கேனரி புல்லுன்னு சொல்ற ஃபலாரிஸ் அருண்டினேசியாவுக்கும் சரி, வெளிச்சம் வேணும், ஈரமா ஆனா தண்ணி மூடாம இருக்கிற மண்ணு வேணும். பகல்ல சூடு ராத்திரியில குளிர்னு ஏறி இறங்குறதும் கை கொடுக்கும், வெறும் சேத்துல அது நல்லாவே நடக்கும், செடி மூடின இடத்துல நடக்காது. ஆக விதை முளைக்க நீங்க பண்ற பெரிய உதவி, தண்ணிய வடிச்சு சேத்த வெயிலுக்குக் காட்டுறதுதான். தூர் வாரின இடம், கரை கட்டின இடம், ரோட்டோரப் பள்ளம், இங்கெல்லாம் முதல்ல இதுவே வர்றது தற்செயல் கிடையாது.

குட்டியா இருக்கிறப்ப இது ரொம்ப நோஞ்சான். அஞ்சு பத்து சென்டிமீட்டர் உயரத்துல ரைசோம் இன்னும் உருவாகல, அப்ப தண்ணிய ஏத்தி முழுசா மூழ்கடிச்சு சில வாரம் வச்சா பெரும்பாலானது செத்துடும். முழுசா மூழ்கணும், இலை நுனி வெளிய எட்டிப் பாத்தா தப்பிச்சுக்கும். தண்ணி மட்டம் உங்க கையில இல்லன்னா கையால பிடுங்குங்க, முதல் வருஷமே பிடுங்குங்க. ஒரு சீசன் தாண்டினா மேல சொன்ன ரைசோம் பகுதிக்கு நீங்க இடம் மாறிட்டீங்கன்னு அர்த்தம்.

விதை எத்தன நாளைக்கு மண்ணுல உயிரோட இருக்கும்ங்கிறது ஜாதிக்கு ஜாதி மாறும், இது தெரிஞ்சாதான் எத்தன வருஷம் காவல் இருக்கணும்னு கணக்குப் போட முடியும். உப்புத்தண்ணி சதுப்புல வர்ற ஸ்பார்ட்டினா, இப்ப ஸ்போரோபோலஸ்னு பேர மாத்திட்டாங்க, எனக்கு இன்னும் பழைய பேருதான் வாயில வருது, அதோட விதை ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு மேல தாங்காது. ஒரு வருஷம் முழுக்க பூக்க விடாம பாத்துக்கிட்டா மண்ணுல இருக்கிற விதை காலி, வெளியில இருந்து அலை கொண்டு வர்றது மட்டும்தான் பாக்கி. ரீட் கேனரி அப்படி இல்ல, மண்ணுக்குள்ள விதைய சேத்து வச்சிருக்கும், வெளிச்சம் எப்ப விழும்னு காத்துக்கிட்டு இருக்கும். அதுக்கு நெழல் ஆகாது, அதனால மரம் புதர் வச்சு மூடுறது மெதுவானாலும் நிக்கிற வைத்தியம்.

அறிகுறி: பல வருஷம் சும்மா இருந்த கூட்டம் திடீர்னு எல்லாப் பக்கமும் கிளம்புது

இத நான் ரொம்ப நாள் மழைக்கும் உரத்துக்கும் பழி போட்டுக்கிட்டு இருந்தேன். அதுக்கும் பங்கு இருக்கு, ஆனா பெரிய காரணம் கல்யாணம்.

ஒரு துண்டுல இருந்து வளந்த கூட்டம் எவ்வளவு பெருசா இருந்தாலும் அது ஒரே செடி, ஒரே மரபணு. ஃப்ராக்மைட்டிஸ் தன் மகரந்தத்தாலயே தனக்கு நல்ல விதை பிடிக்கிறது ரொம்பக் கம்மி. அதனால ஆயிரக்கணக்குல தண்டு, ஒவ்வொண்ணுலயும் பட்டு மாதிரி கதிர், ஆனா கதிர உதிர்த்துப் பாத்தா உள்ள சதை இல்லாத பதர். அந்த நிலைமையில பரவல் ரைசோம் வேகத்துலதான் நடக்கும், ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா. என்னைக்கு வேற மரபணு உள்ள இன்னொரு குத்து பக்கத்துல வந்து சேருதோ அன்னைல இருந்து விதை பிடிக்கும், விதைக்கு காத்து இருக்கு, தண்ணி இருக்கு, பறவைக் கால் இருக்கு. புதுசா முளைக்கிறது ஒவ்வொண்ணும் வேற வேற மரபணு, அதனால அடுத்த தலைமுறையில விதை இன்னும் நல்லா பிடிக்கும். தன்னத்தானே ஏத்திவிட்டுக்கிற சக்கரம் இது.

இதே விஷயத்த பெரிய அளவுல பாக்கணும்னா அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல உள்ள வில்லாப்பா விரிகுடா. ஸ்பார்ட்டினா ஆல்டர்னிஃப்ளோரா அங்க 19ஆம் நூற்றாண்டு கடைசியில, கிழக்குக் கரையில இருந்து வந்த சிப்பி சரக்கோட வந்து சேந்துச்சு. வந்ததும் பாயல, பல பத்தாண்டு மெதுவா ஊர்ந்துச்சு. தனியா நிக்கிற செடிக்கு மகரந்தம் போதல, விதை சரியா பிடிக்கல, தனித்தனி வட்டமெல்லாம் விரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டப்புறம்தான் வேகம் எடுத்துச்சு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுல நடந்தது இன்னும் மோசம், அங்க 1970கள்ல கொண்டு வந்து நட்ட இதே ஸ்பார்ட்டினா அங்க உள்ள சொந்த ஜாதியோட கலந்து கலப்பினம் ஆச்சு, அந்தக் கலப்புல சிலது தன் மகரந்தத்தாலயே விதை பிடிக்கிற வித்தையையும் கத்துக்கிச்சு. இங்கிலாந்துல சவுதாம்ப்டன் பக்கம் 19ஆம் நூற்றாண்டுல இன்னொரு கலப்பு: முதல்ல வந்தது மலடு, விதையே கிடையாது, அப்புறம் அதோட குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பாகி ஸ்பார்ட்டினா ஆங்லிக்கான்னு விதை போடுற புது ஜாதியே பொறந்துருச்சு. மலட்டுப் புல்லுன்னு யாராவது தைரியம் சொன்னா இத ஞாபகம் வச்சுக்குங்க.

இதுக்கு என்ன பண்றது? கதிர் முத்தினதும் ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில தேச்சு ஊதிப் பாருங்க. எல்லாம் பறந்து போச்சுன்னா இன்னும் டைம் இருக்கு. பழுப்பு நிறத்துல கனமான சின்ன மணி தங்குச்சுன்னா விதை பிடிக்குது, அந்த வருஷமே கதிர வெட்டி மூட்டையில கட்டி எடுங்க. அப்புறம் பெரிய கூட்டத்த விட்டுட்டு தூரத்துல தனியா நிக்கிற சின்ன சின்ன குத்துகள முதல்ல ஒழிங்க. இது கேக்க தலைகீழா இருக்கும், ஆனா நாளைக்கு ஒண்ணோட ஒண்ணு விதை பிடிக்கப் போறதும், வேலை கம்மியா முடியிறதும் அதுங்கதான்.

அறிகுறி: மேல ஒண்ணும் இல்ல, கீழ்க்கரையில மட்டும் புதுசு புதுசா

துண்டு. வெள்ளம் வந்து போனதுக்கு அப்புறம்னா கேள்வியே வேண்டாம். ராட்சச நாணல், அதாவது அருண்டோ டோனாக்ஸ், குடியேறின இடங்கள்ல விதையே பிடிக்காது, இருந்தும் ஆறு முழுக்கப் பிடிச்சிருக்கு. எல்லாம் வெள்ளம் பேத்துக்கிட்டுப் போன ரைசோம் கட்டியும் கணு உள்ள தண்டுத் துண்டும் போட்ட வேலை. சூடும் தண்ணியும் நல்லா இருந்தா ஒரு நாளைக்கு 10 சென்டிமீட்டர் வரைக்கும் வளரக்கூடிய செடி அது, ஒரு துண்டு கரையில ஒதுங்கினா போதும். நீர்ப்புல்னு சொல்ற பாரா புல்லும் விதையவிட கணுவ நம்புற ஆளுதான். ஹைமனாக்னிங்கிற புல்லு ரெண்டு பக்கமும் கெட்டி, விதையும் நல்லா முளைக்கும், தண்டுத் துண்டும் வேர் விடும். ஆஸ்திரேலியாவுல அத 1988ல மாட்டுத் தீவனத்துக்குன்னு அவங்களே வெளியிட்டாங்க, 1999லயே தேசிய அளவுல முக்கியமான களைப் பட்டியல்ல சேத்துட்டாங்க.

வெள்ளமே வரலன்னா அடுத்த சந்தேகம் உங்க மேலதான். நான் ஒரு தடவ வெட்டின பாரா புல்ல பக்கெட்ல போட்டு நெழல்ல மறந்து வச்சுட்டேன், அடியில ரெண்டு விரல் மழைத்தண்ணி. ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா ஒவ்வொரு கணுவுலயும் வெள்ளை வேர் கொத்தா தொங்குது, ஒரு கணு மட்டும் உள்ள துண்டுலயும்தான். அன்னைல இருந்து வெட்டினத கரையில குவிக்கிறதே இல்ல. தண்ணி எட்டாத மேட்டுல தார்ப்பாய் விரிச்சு, கணு எல்லாம் காஞ்சு நொறுங்குற வரைக்கும் காய வைங்க. மண் அள்ளுற மெஷின் இன்னும் மோசம், ரைசோம நூறு துண்டாக்கி சக்கரத்துல சேத்தோட அடுத்த இடத்துக்கு டெலிவரி பண்ணும். மெஷின், படகு, பூட்ஸ் எல்லாத்தையும் அந்த இடத்துலயே கழுவிட்டு நகருங்க. வேலைய மேல்கரையில இருந்து கீழ்நோக்கி செய்யுங்க, கீழ இருந்து ஆரம்பிச்சா சுத்தம் பண்ண இடத்துக்கே மேல இருந்து துண்டு வந்துக்கிட்டு இருக்கும்.

அறிகுறி: லேசா இழுத்தா வந்துடுது, ஆனா வருஷா வருஷம் வருது

ஒருவருஷப் புல்லு, ஆற்றோரக் காட்டுல வர்ற ஜப்பானிய ஸ்டில்ட் புல் மாதிரி. ரைசோம் கிடையாது, முழுக்க விதை. இது திறக்காத பூவுக்குள்ளயே தனக்குத்தானே விதை பிடிச்சுக்கும், அந்தப் பூ இலை உறைக்குள்ள ஒளிஞ்சிருக்கிறதால இன்னும் பூக்கலன்னு நெனச்சு ஏமாந்துடுவோம். விதை மண்ணுல சில வருஷம் தாங்கும், விதை விழுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வருஷமும் பிடுங்கிக்கிட்டே இருக்கிறத தவிர வேற வழியில்ல.

அறிகுறி: மருந்து அடிச்சதும் கருகுச்சு, அடுத்த வருஷம் பழையபடி

பெரும்பாலும் சீக்கிரமே அடிச்சிருப்பீங்க. கிளைபோசேட்ங்கிற களைக்கொல்லி இலையில இருந்து சாப்பாடு போற ரூட்லயே போகும். வளர ஆரம்பிக்கிற சமயத்துல அந்த ரூட் மேல்நோக்கி இருக்கு, அப்ப அடிச்சா இலை கருகும், ரைசோமுக்கு ஒண்ணும் ஆகாது. பூத்து முடிச்சு சாப்பாடு கீழ இறங்குறப்ப, இலை இன்னும் பச்சையா இருக்கும்போதே அடிக்கணும். அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வெட்டிட்டா மருந்து ஏற இலை இருக்காது, அடிச்ச மறுநாளே வெட்டினா மருந்து கீழ போய்ச் சேர்றதுக்குள்ள ரோட்டை நீங்களே மூடுறீங்க, ரெண்டு மூணு வாரமாவது விடுங்க. தூசி, சேறு படிஞ்ச இலையில கிளைபோசேட் மண்ணோட ஒட்டி வேலை செய்யாமப் போயிடும், இது பல பேர் கவனிக்கிறது இல்ல. தண்ணிக்குன்னு அனுமதி உள்ள வகைதான் வாங்கணும், சாதாரண வகையில இலையில ஒட்டுறதுக்குன்னு சேக்குற சோப்பு மாதிரி பொருள் சிலது தவளைக்குஞ்சுக்கு மருந்தவிட கெடுதல். உங்க பகுதியில நீர்நிலையில அடிக்க யாருகிட்ட அனுமதி வாங்கணுமோ வாங்கிக்குங்க. ஒரே தடவையில முடியும்னு எதிர்பாக்காதீங்க, அடுத்த ரெண்டு மூணு வருஷம் விட்டுப்போன முளைய தேடித் தேடி அடிக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: ஒழிஞ்சது, ஆனா அந்த இடத்துல வேற ஒரு வந்தேறி

காலியான ஈர மண்ணு, நல்ல வெளிச்சம், தண்ணியில நைட்ரஜன், இது மூணும் அப்படியே இருந்தா ஒரு புல்லு போனா இன்னொண்ணு வரும், ஃப்ராக்மைட்டிஸ் போன இடத்துல ரீட் கேனரி வந்து உக்காருறது சாதாரணம். மேல இருந்து வர்ற உரத்தண்ணியும் சாக்கடையும் எங்க கலக்குதுன்னு கண்டுபிடிச்சு அங்க கை வைங்க. செத்த தட்டை மெத்தை மாதிரி கெடந்தா அள்ளி எடுங்க, அதுக்குக் கீழ சொந்த செடியோட விதை வெளிச்சம் இல்லாம கெடக்கும். அது தானா வருதான்னு ஒரு சீசன் பாத்துட்டு, வரலன்னா அந்தப் பகுதியிலயே கிடைக்கிற கோரை, சொந்தப் புல் ஜாதிகள நெருக்கமா நடுங்க. ஆறடிக்கு ஒண்ணு நட்டுட்டு நடுவுல சேத்த காலியா விட்டீங்கன்னா மேல பச்சைப் பாய்னு சொன்னேனே, அந்தப் பகுதிய மறுபடி படிக்க வேண்டி வரும்.